தீவன மூட்டையை நிறுத்திய பிறகு: கோழியும் ஆடும் காட்டும் அறிகுறிகள், சரிசெய்யும் வழிகள்

2021இல், தீவனத்தில் சேர்க்கும் சோயாப் புண்ணாக்கின் விலை கைக்கு எட்டாமல் போனது நினைவிருக்கும். அந்த ஆகஸ்டில் மத்திய அரசே 12 லட்சம் டன் சோயாப் புண்ணாக்கை வெளிநாட்டிலிருந்து கொண்டுவர அனுமதி கொடுத்தது. நாங்கள் கடையில் வாங்கும் மூட்டைத் தீவனத்தை விட்டது அந்தச் சமயத்தில்தான். எங்களுடையது நாமக்கல் மாவட்டத்தில் ஒரு மானாவாரிக் காடு. நாற்பது நாட்டுக்கோழி, பதினான்கு வெள்ளாடு. சுற்றிலும் முட்டைப் பண்ணைகள் இருப்பதால் தீவனம் என்றாலே மூட்டை என்று பழகிவிட்ட ஊர். நிறுத்திய முதல் ஆறு மாதத்தில் வந்த தொந்தரவுகளில் பாதி நாங்களே வரவழைத்துக்கொண்டவை.

எனக்குப் பிடிபட்ட அடிப்படை இது: ஆடு தழை தின்னும் உயிர். கோழி தானியமும் பூச்சியும் பொறுக்கும் உயிர். மூட்டையை நிறுத்தியதும், ஆட்டுக்கு ஆசையாகத் தானியத்தையும் சோற்றையும் வைக்கிறோம். கோழிக்குச் செலவைக் குறைக்க, தொட்டித் தண்ணீரில் மிதந்து வளரும் அசோலாவையும் கீரையையும் குவிக்கிறோம். கீழே வரும் கோளாறுகளில் பெரும்பாலானவை இந்த இடமாற்றத்தால் வருபவை. உங்கள் பட்டியில் எந்த அறிகுறி தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போங்கள். ஆனால் அதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது.

தீவனத்தில் கை வைப்பதற்கு முன்

எல்லாக் கோளாறும் தீனியால் வருவதில்லை. ஆட்டின் கீழ் இமையை விரலால் இழுத்து உள்பக்க நிறத்தைப் பாருங்கள். நல்ல சிவப்பாகவோ ரோஜா நிறமாகவோ இருந்தால் சரி. வெள்ளைத் துணிபோல வெளிறியிருந்தால் வயிற்றில் இரத்தம் குடிக்கும் புழு இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். தாடைக்கு அடியில் தண்ணீர் கோத்த மாதிரி வீக்கமும் இருந்தால் சந்தேகமே வேண்டாம். தென்னாப்பிரிக்காவில் இந்த இமை நிறத்தை ஐந்து படிகளாகப் பிரித்து ‘ஃபமாச்சா’ என்று ஒரு அட்டையே செய்திருக்கிறார்கள். வெளிறிய ஆட்டுக்கு எவ்வளவு நல்ல தழை போட்டாலும் அது புழுவுக்குத்தான் போகும். முதலில் குடற்புழு நீக்கம், பிறகு தீவனம்.

கோழியைக் கையில் எடுத்து மார்பெலும்பைத் தடவிப் பாருங்கள்; கத்தி முனை மாதிரி குத்தினால் மெலிந்திருக்கிறது. பின்பக்க இறகை விலக்கிப் பேன், செல் என்னும் சிறு உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள். பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்து, கழுத்தைத் திருகிக்கொண்டு நின்றால் அது வெள்ளைக்கழிச்சல். அதற்கு முன்கூட்டியே போடும் தடுப்பூசியைத் தவிர வேறு வழி கிடையாது. மூட்டைத் தீவனத்தை நிறுத்தியவர்கள் தடுப்பூசியையும் சேர்த்து நிறுத்துவதைப் பார்க்கிறேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். இரண்டுக்கும் சம்பந்தமில்லை.

முட்டை குறைந்துவிட்டது

நாட்டுக்கோழி ஒரு ஈட்டுக்குப் பத்துப் பதினைந்து முட்டை வைத்துவிட்டு அடைக்கு உட்காரும் இனம். அடை உட்கார்ந்திருந்தால் அது குறையே இல்லை. இறகு உதிர்க்கும் காலத்திலும் முட்டை நிற்கும். மார்கழி தையில் பகல் நேரம் குறைவதாலும் கொஞ்சம் குறையும். இந்த மூன்றும் இல்லாமல், கொண்டை சிவப்பாக, சுறுசுறுப்பாகத் திரிகிற கோழிகள் ஒட்டுமொத்தமாகக் குறைத்தால்தான் தீவனத்தைச் சந்தேகிக்க வேண்டும்.

நிறுத்தியவுடன் நாம் பொதுவாகச் செய்வது, காலையும் மாலையும் கம்போ சோளமோ இறைத்துவிடுவது. தானியத்தில் புரதம் நூற்றுக்குப் பத்துப் பதினொன்றுதான். முட்டையிடும் கோழிக்கு அது பதினாறு வரை வேண்டும். கம்பை மட்டும் தின்னும் கோழிக்கு உடம்பைக் காப்பாற்றிக்கொள்ளச் சரியாக இருக்கும், முட்டைக்கு மிச்சம் இருக்காது. அதுவும் கொல்லையில் பூச்சி கிடைக்கும் மழைக்காலத்தில் தெரியாது. மாசி பங்குனியில் மண் காய்ந்து பூச்சி மறைந்ததும் முட்டை விழுந்துவிடும்.

நாங்கள் இப்போது கலப்பது, 10 கிலோவுக்கு இப்படி: உடைத்த கம்பு, சோளம், மக்காச்சோளம் மூன்றும் சேர்ந்து 6 கிலோ, அரிசித் தவிடு ஒன்றரைக் கிலோ, கடலைப் புண்ணாக்கு 1 கிலோ 200 கிராம், எள்ளுப் புண்ணாக்கு 600 கிராம், கழுவிக் காயவைத்து இடித்த கருவாட்டுத் தூள் 400 கிராம், கிளிஞ்சல் தூள் 300 கிராம். புரதம் நூற்றுக்குப் பதினாறு, பதினேழு வரும். நாள் முழுக்க மேயும் கோழிக்கு இதில் 40, 50 கிராம் போதும். அடைத்து வளர்த்தால் இரட்டிப்பாக வேண்டும்.

கருவாட்டைக் கழுவச் சொன்னதற்குக் காரணம் உப்பு. கோழித் தீவனத்தில் கிலோவுக்கு 3 கிராம் உப்புக்கு மேல் தேவையில்லை. கழுவாத கருவாட்டைக் கொட்டினால், முக்கியமாகக் குஞ்சுகள், தண்ணீராகக் கழிந்து செத்துப்போகும். கருவாடு சேர்த்தால் தனியாக உப்புப் போட வேண்டாம்.

அசோலாவைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதை நம்பித்தான் பலர் மூட்டையை நிறுத்துகிறார்கள். ‘25 சதவீதம் புரதம்’ என்று சொல்வது காய்ந்த அசோலாவுக்கு. தொட்டியிலிருந்து அள்ளும் அசோலாவில் நூற்றுக்குத் தொண்ணூற்று மூன்று பங்குக்கு மேல் தண்ணீர்தான். ஒரு கிலோ ஈர அசோலாவைக் காயவைத்தால் 60, 70 கிராம் மிஞ்சும். அதில் புரதம் 15 கிராம் அளவு. 40 கிராம் கடலைப் புண்ணாக்கில் அதே அளவு இருக்கிறது. கோழியின் இரைப்பை சின்னது. அதை ஈரப் பாசியால் நிரப்பிவிட்டால் தானியத்துக்கு இடமிருக்காது. அசோலா நல்லதுதான்; மஞ்சள் கருவுக்கு நிறம் தரும், சத்துகள் தரும். ஒரு கோழிக்கு ஒரு கைப்பிடி, அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

தோல்முட்டை போடுகிறது, ஓடு மெலிந்துவிட்டது

இதை முதன்முதலில் கூடையில் கண்டபோது பாம்பு முட்டையோ என்று பயந்துவிட்டேன். கையில் எடுத்தால் தண்ணீர் நிரப்பிய பலூன் மாதிரி அமுங்கியது. வெயிலுக்கு நேரே பிடித்தால் உள்ளே மஞ்சள் கரு உருள்வது தெரிந்தது. ஓடு இருக்க வேண்டிய இடத்தில் ஈரமான தோல் மட்டும்.

ஒரு முட்டையின் ஓட்டுக்கு ஏறத்தாழ 2 கிராம் கால்சியம் வேண்டும். 100 கிராம் கம்பில் 50 மில்லிகிராம்கூட இல்லை. தானியங்களில் கேழ்வரகு ஒன்றுதான் தேறும், அதிலும் 350 மில்லிகிராம் அளவுதான். ஆக, தானியத்தைக் கூட்டி இதைச் சரிசெய்யவே முடியாது. மூட்டைத் தீவனத்தில் சுண்ணாம்புக்கல் தூள் கலந்திருந்ததால் இத்தனை நாள் நமக்குத் தெரியவில்லை.

செய்ய வேண்டியது எளிது. கிளிஞ்சலைக் கொரகொரப்பாக, மிளகு அளவுக்கு உடைத்து ஒரு தனிச் சட்டியில் வையுங்கள். நைசாக மாவாக்க வேண்டாம். கொரகொரப்பாக இருந்தால் இரைப்பையில் தங்கி இரவெல்லாம் மெதுவாகக் கரையும். ஓடு பெரும்பாலும் இரவில்தான் உருவாகிறது. அதனால் சாயந்திரம் சட்டி நிறைந்திருக்க வேண்டும். முட்டையிடும் கோழி தனக்கு வேண்டியதைத் தானே எடுத்துக்கொள்ளும், சேவல் தொடாது. வீட்டு முட்டை ஓட்டையும் கொடுக்கலாம். வாணலியில் வறுத்து நன்றாக நொறுக்கிக் கொடுங்கள். முழு ஓடாகப் போட்டால் முட்டையைக் கொத்திக் குடிக்கக் கற்றுக்கொடுத்த மாதிரி ஆகிவிடும். வெற்றிலைச் சுண்ணாம்பை நேரடியாகக் கரைத்து ஊற்றாதீர்கள். வாயும் குடலும் வெந்துவிடும்.

கிளிஞ்சல் வைத்தும் பத்து நாளில் சரியாகவில்லை என்றால், கோழிக்கு வெயில் படுகிறதா என்று பாருங்கள். கால்சியம் உடம்பில் சேர வைட்டமின் டி வேண்டும். இருட்டுக் கொட்டகையில் அடைத்த கோழிக்கு அது கிடைக்காது.

மஞ்சள் கரு வெளிறிவிட்டது, அல்லது பச்சையாகத் தெரிகிறது

வெளிறினால் கவலை வேண்டாம். கம்பிலும் வெள்ளைச் சோளத்திலும் அரிசியிலும் நிறம் தரும் பொருள் இல்லை. மஞ்சள் மக்காச்சோளமோ, முருங்கைக்கீரையோ, அகத்தியோ சேர்த்தால் இரண்டு வாரத்தில் திரும்பிவிடும். ஆனால் வெளிறலோடு கண்ணில் நீர் வடிந்து ஒட்டிக்கொண்டால் வைட்டமின் ஏ குறைவு இருக்கலாம். கரும்பச்சைக் கீரையைத் தினமும் கட்டித் தொங்கவிடுங்கள்.

பச்சை கலந்த பழுப்பாக மாறினால் பருத்திப் புண்ணாக்கு போட்டீர்களா என்று யோசியுங்கள். அதில் இருக்கும் காசிபால் என்ற பொருள் இப்படிச் செய்யும். மாட்டுக்கு வாங்கிவைத்ததைக் கோழிக்கும் அள்ளிப் போடுவதால் வருவது. நிறுத்திவிட்டால் சரியாகும்.

ஒன்றையொன்று கொத்துகிறது, இறகைப் பிடுங்குகிறது

இடநெருக்கடிதான் முதல் காரணம். இடம் தாராளமாக இருந்தும் இறகைப் பிடுங்கித் தின்றால் புரதத்தின் தரத்தைப் பாருங்கள். இறகு என்பது கந்தகம் நிறைந்த புரதம். அதற்கு மெத்தியோனின் என்ற அமினோ அமிலம் வேண்டும். கடலைப் புண்ணாக்கில் அது குறைவு. எள்ளுப் புண்ணாக்கில் நிறைய உண்டு. எள்ளில் குறைவாக இருக்கும் லைசின் என்ற இன்னொரு அமினோ அமிலத்தைக் கருவாடும் கரையானும் பயறு வகைகளும் ஈடுகட்டும். மேலே சொன்ன கலவையில் ஒரே புண்ணாக்கோடு நிறுத்தாமல் இரண்டு மூன்று சேர்த்தது இதற்காகத்தான். பயறைப் போடுவதானால் வேகவைத்துப் போடுங்கள். பச்சையாகப் போட்டால், அதிலுள்ள ஒரு பொருள் புரதம் செரிப்பதைத் தடுக்கும்.

குஞ்சு வளரவில்லை, கால் விரல் மடங்குகிறது

முதல் ஆறு வாரம் குஞ்சுக்குத் தாய்க்கோழியைவிடக் கூடுதலான புரதம் வேண்டும், நூற்றுக்கு இருபது. தாயோடு மேயும் குஞ்சுக்குத் தாய் குப்பையைக் கிளறிப் பூச்சி காட்டிக்கொடுக்கும். தாயில்லாமல் அடைத்து வளர்த்தால் அந்த வேலையை நாம் செய்ய வேண்டும்.

எங்கள் ஆத்தா செய்த வழிதான் இன்றும் செய்கிறேன். ஒரு பழைய மண்பானையில் கிழிந்த சாக்கு, காய்ந்த சாணி, கொஞ்சம் சோளத்தட்டு போட்டு, தண்ணீர் தெளித்து, கரையான் நடமாடும் இடத்தில் சாயந்திரம் கவிழ்த்துவைப்பது. பானையின் வாயைச் சுற்றி மண் அணைத்துவிட வேண்டும். விடிந்ததும், வெயில் ஏறுவதற்கு முன் எடுத்தால் சாக்கின் மடிப்பெல்லாம் வெள்ளை வெள்ளையாக நெளியும். குஞ்சுகளுக்கு நடுவே உதறினால் அரை நிமிடத்தில் காலி. வெயில் வந்த பிறகு போனால் கரையான் மண்ணுக்குள் இறங்கியிருக்கும். “சேவல் கூவுனதும் போ கண்ணு, அப்பறம் போனா வெறும் சாக்குதான்” என்பார் ஆத்தா.

கரையான் கிடைக்காத நாளில் அவித்த முட்டையை மசித்து, உடைத்த கம்போடு பிசைந்து கொடுக்கலாம்.

கால் விரல் உள்பக்கமாகச் சுருண்டு, குஞ்சு கணுக்காலில் நடந்தால் அது பி2 என்னும் ரைபோஃபிளேவின் குறை. தானியத்தில் அது குறைவு. மோரிலும் கீரையிலும் உண்டு. தண்ணீருக்குப் பதில் ஒரு வேளை நீர்மோர் வையுங்கள், முருங்கைக்கீரையைப் பொடியாக நறுக்கிக் கொடுங்கள். ஆரம்பத்தில் கண்டுபிடித்தால் திரும்பும், வாரங்கள் போய்விட்டால் திரும்பாது. வளர்ந்த கோழி ஒரு காலை முன்னும் ஒரு காலைப் பின்னுமாக நீட்டிக் கிடந்தால் அது வேறு. மேரெக்ஸ் நோயாக இருக்கலாம். தீவனத்தால் தீராது, அதைத் தனியே பிரித்து வையுங்கள்.

கலந்து வைத்த தீவனத்தைத் தின்ன மறுக்கிறது

முகர்ந்து பாருங்கள். பழைய எண்ணெய்ச் சிக்கு வாடை வந்தால் தவிடு கெட்டிருக்கிறது. தவிட்டில் எண்ணெய் அதிகம்; பச்சரிசித் தவிடு அரைத்த சில நாட்களிலேயே காறிவிடும். புழுங்கலரிசித் தவிடு நெல்லை அவிக்கும் சூட்டினால் கொஞ்ச நாள் தாங்கும். நான் புழுங்கல் தவிடுதான் வாங்குகிறேன், அதுவும் பதினைந்து நாளைக்கு மட்டும்.

பூசண வாடையோ, புண்ணாக்கில் பச்சை, சாம்பல் படலமோ தெரிந்தால் அந்த மூட்டையை முழுவதும் கழித்துவிடுங்கள். 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் காரணம் புரியாமல் செத்தன. பிரேசிலிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்கில் இருந்த பூசணம்தான் காரணம் என்று பிறகு தெரிந்தது. அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சை உலகம் அறிந்தது அப்படித்தான். அது வேகவைத்தாலும் வெயிலில் காயவைத்தாலும் போகாது. ‘கோழிக்குத்தானே, காயவைத்துப் போடலாம்’ என்று நானும் ஒருமுறை போட்டேன். பதினொரு கோழி போனது. ஐப்பசி கார்த்திகையில் புண்ணாக்கைப் பலகைமேல், சுவரைத் தொடாமல் அடுக்குங்கள். தானியம் பல்லில் கடித்தால் கடுக்கென்று உடையும் வரை காய வேண்டும்.

அப்புறம் ஒன்று: செக்கில் எந்தப் புண்ணாக்கு என்று கேட்டு வாங்குங்கள். ஆமணக்கு, வேம்பு, இலுப்பை இவையெல்லாம் வயலுக்கு எரு, தீவனத்துக்குக் கூடாது. ஆமணக்குப் புண்ணாக்கு உயிரையே எடுக்கும்.

ஆட்டுக்கு வயிறு உப்பிவிட்டது

இது இரண்டு வகை. வைத்தியம் வேறு வேறு என்பதால் முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும். இடது விலாவுக்குப் பின்னால், இடுப்புக்கு முன்னால் உள்ள பள்ளத்தில் கையை மடக்கி அழுத்துங்கள். தட்டினால் மேளம் மாதிரி சத்தம் வந்தால் வாயு. பிசைந்த மாவு மாதிரி அமுங்கியோ, உள்ளே தண்ணீர் தளும்பியோ தெரிந்தால் தானியம் தின்று அமிலம் ஏறியிருக்கிறது.

வாயு வருவது, பனி ஈரத்தோடு இளந்தளிர்க் குதிரைமசாலையோ தட்டைப்பயற்றுக் கொடியையோ வெறும் வயிற்றில் மேய்ந்தால். நுரை கட்டிக்கொண்டு ஏப்பம் வராது. முன்கால்கள் மேட்டில் இருக்கும்படி நிறுத்தி, 50 முதல் 100 மில்லி கடலை எண்ணெயையோ நல்லெண்ணெயையோ வாயின் ஓரமாகக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். தலையை அண்ணாந்து பிடிக்காதீர்கள். இருமினால் உடனே நிறுத்துங்கள், நுரையீரலுக்குள் போய்விடும். இடது வயிற்றை நீவிவிட்டு மெதுவாக நடக்கவிடுங்கள். அரை மணி நேரத்தில் ஏப்பம் வரவில்லை என்றால் மருத்துவர்தான்.

அமில வகை அதைவிட மோசம், ஏனென்றால் மெதுவாக வந்து மெதுவாகக் கொல்லும். ஒரு வைகாசியில் பக்கத்துக் கல்யாண வீட்டில் மீந்த சோற்றை அன்பாகக் கொண்டுவந்து பட்டிக்கு வெளியே கொட்டிவிட்டார்கள். எங்கள் இரண்டு பெட்டைகள் வயிறு முட்டத் தின்றுவிட்டன. மறுநாள் காலை ஒன்று தலையைத் தொங்கப்போட்டு, நறநறவென்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றது. பின்னால் புளித்த வாடையோடு தண்ணீராகக் கழிச்சல். இடது பள்ளத்தில் முட்டியை வைத்து அழுத்தினால் அழுத்திய குழி அப்படியே நின்றது. ஆட்டின் இரைப்பையில் தழையைச் செரிக்கவைக்கும் நுண்ணுயிர்கள் இருக்கின்றன. மாவுச்சத்து திடீரென்று நிறைய வந்தால் வேறு நுண்ணுயிர்கள் பெருகி அமிலம் சுரந்து அவற்றைக் கொன்றுவிடும். ஆப்ப சோடாவை ஆட்டின் எடையில் கிலோவுக்கு ஒரு கிராம் கணக்கில், 20 கிலோ ஆட்டுக்கு 20 கிராம், தண்ணீரில் கரைத்து ஊற்றினோம். சோறும் தானியமும் அடியோடு நிறுத்தி, காய்ந்த சோளத்தட்டு மட்டும் போட்டோம். ஒன்று பிழைத்தது. மற்றொன்றுக்கு மருத்துவரை மாலையில்தான் கூப்பிட்டோம், காலையிலேயே கூப்பிட்டிருக்க வேண்டும். 1962 என்ற எண்ணில் கூப்பிட்டால் கால்நடை ஆம்புலன்ஸ் வரும். எழுதிப் பட்டிச் சுவரில் ஒட்டிவைத்திருக்கிறேன்.

தானியம் கொடுக்கத்தான் வேண்டும் என்றால் 50 கிராமில் ஆரம்பித்து இரண்டு வாரத்தில் கூட்டுங்கள். பெரிய ஆட்டுக்கும் 250 கிராம் போதும். தழைக்குப் பிறகு கொடுங்கள், வெறும் வயிற்றில் கூடாது.

மழை பெய்து புதுப்புல் முளைத்த வாரத்தில், நன்றாக இருந்த குட்டி துள்ளி விழுந்து செத்தால் அது துள்ளுமாரி. வயிற்று உப்புசம் என்று நினைத்து எண்ணெய் ஊற்றிக்கொண்டிருக்காதீர்கள். மழைக்கு முன்பே தடுப்பூசி போட்டிருந்தால் வராது.

சோளக்காட்டில் புகுந்த ஆடு மூச்சுத்திணறுகிறது

இளஞ்சோளத்திலும், அறுத்த கட்டையில் வரும் துளிரிலும், வறட்சியில் வாடி நின்ற பயிரிலும் ஹைட்ரோசயனிக் அமிலம் என்ற நஞ்சு உண்டாகும். தின்ற கொஞ்ச நேரத்திலேயே வாயில் நுரை, தள்ளாட்டம், திணறல். வீட்டு வைத்தியத்துக்கு நேரமில்லை. மருத்துவர் சிரைவழி போடும் மாற்றுமருந்து உண்டு, உடனே கூப்பிடுங்கள். சோளத்தைப் பூத்த பிறகே அறுத்துப் போடுங்கள். எங்கள் பக்கம் குச்சிக்கிழங்கு நிறைய. அதன் பச்சை இலையிலும் தோலிலும் இதே நஞ்சுதான். நன்றாகக் காயவைக்காமல் போடக்கூடாது. அரளி, ஊமத்தை, உண்ணிச்செடி வேலியோரம் இருந்தால் வெட்டி அப்புறப்படுத்துங்கள். பசித்த ஆடு வழக்கமாக ஒதுக்குவதையும் தின்னும்.

தழை நிறையப் போட்டும் மெலிகிறது

இமையைப் பார்த்தாகிவிட்டது, புழு இல்லை என்றால் தழையைக் காய்ந்த எடையில் கணக்குப் பாருங்கள். 25 கிலோ ஆட்டுக்கு நாளுக்கு முக்கால் கிலோ முதல் ஒரு கிலோ வரை காய்ந்த கணக்கில் வேண்டும். மூன்று கிலோ மரத்தழையும் கால் கிலோ கடலைக்கொடியும் போட்டால் அது வந்துவிடும். ஆனால் கோ 4, கோ 5 போன்ற கம்பு நேப்பியர் புல்லை இளசாக அறுத்துப் போட்டால் அதில் பெரும்பகுதி தண்ணீர். வயிறு நிறையும், உடம்பு ஏறாது.

இன்னொன்று, வெள்ளாடு மாடு இல்லை. ஒரே புல்லைக் கட்டுக் கட்டாகப் போட்டால் சலித்துவிடும். அது நிமிர்ந்து, பலவகைத் தழையைக் கடித்துக் கடித்துப் போகிற பிராணி. தழையைத் தரையில் போடாமல் அதன் தலை உயரத்துக்குக் கட்டித் தொங்கவிட்டுப் பாருங்கள். வீணாவது பாதியாகக் குறையும். புல் ஒரு பங்கு என்றால் அகத்தி, வேலிமசால், கிளைரிசிடியா, வாகை மாதிரி புரதம் உள்ள தழை ஒரு பங்காவது இருக்கட்டும்.

கிளைரிசிடியாவைத் தொட மறுக்கிறது

வாடைதான் காரணம். முதல் நாள் மாலை வெட்டி, இரவு வாடவிட்டு, காலையில் பழகிய தழையோடு கலந்து போடுங்கள். ஒரு ஆடு தின்னத் தொடங்கினால் மற்றவை பின்தொடரும். எங்களுக்கு ஒன்பது நாள் ஆனது.

முடி கொட்டுகிறது

சவுண்டல் (சூபாபுல்) மட்டுமே போட்டிருப்பீர்கள். அதில் உள்ள மைமோசின் என்ற பொருள் முடியை உதிர்க்கும், கழுத்தில் தைராய்டை வீங்கவைக்கும். மொத்தத் தீனியில் மூன்றில் ஒரு பங்குக்குள் வைத்தால் தொந்தரவில்லை. மைமோசினிலிருந்து வரும் நஞ்சைச் சிதைக்கும் ஒரு நுண்ணுயிர் ஹவாய் ஆடுகளின் இரைப்பையில் இருப்பதை ரேமண்ட் ஜோன்ஸ் என்ற ஆஸ்திரேலிய விஞ்ஞானி 1980களில் காட்டினார். அதற்கு அவர் பெயரையே வைத்தார்கள். பல ஊர் ஆடுகளுக்குச் சவுண்டல் ஒத்துப்போவதற்கு அந்த மாதிரி நுண்ணுயிர்தான் காரணம். கோழிக்குச் சவுண்டல் இலை வேண்டாம், அதற்கு அந்த இரைப்பை இல்லை.

சுவரை நக்குகிறது, துணியையும் காகிதத்தையும் மெல்லுகிறது

உப்புக் குறைவு, தாது உப்புக் குறைவு, அல்லது புழு. தினமும் ஆட்டுக்கு 5 முதல் 10 கிராம் உப்பு. கல்லுப்பை ஒரு துணியில் முடிந்து தொங்கவிட்டாலும் நக்கிக்கொள்ளும். தாது உப்புக் கலவையை நான் இன்னும் கடையில்தான் வாங்குகிறேன். தாமிரமும் துத்தநாகமும் நம் மண்ணில் எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவுதான் தழையிலும் இருக்கும். அதை வீட்டில் செய்ய வழியில்லை.

கிடா மூத்திரம் போக முக்குகிறது

காயடித்த கிடாவுக்குத் தவிட்டை அள்ளிக் கொடுத்தால் வருவது. தவிட்டில் பாஸ்பரஸ் மிக அதிகம், கால்சியம் மிகக் குறைவு. சிறுநீர்ப் பாதையில் கல் சேர்ந்து அடைத்துக்கொள்ளும். மலச்சிக்கல் என்று நினைத்து எண்ணெய் ஊற்றி நாளைக் கடத்துகிறார்கள். வாலை ஆட்டி ஆட்டி முக்கி, சொட்டுச் சொட்டாகப் போனால் அன்றே மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். பிழைத்த கிடாவுக்குத் தவிட்டை நிறுத்தி, அகத்தி, வேலிமசால் தழையும் உப்பும் நிறையத் தண்ணீரும் கொடுங்கள்.

நிறைசினையாடு படுத்துக்கொண்டது, தின்னவில்லை

ஆட்டுச் சினை 150 நாள். கடைசி ஆறு வாரத்தில்தான் குட்டி பெரும்பாலும் வளர்கிறது. இரட்டைக் குட்டி என்றால் வயிற்றில் தழைக்கு இடம் குறைந்து, தாய் தன் கொழுப்பைக் கரைக்க ஆரம்பிக்கும். மூச்சில் இனிப்பு கலந்த வாடை வரும். 50 கிராம் வெல்லத்தைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்துவிட்டு மருத்துவரைக் கூப்பிடுங்கள். வராமல் தடுக்க, நூறாவது நாளிலிருந்து உடைத்த கம்பும் புண்ணாக்கும் கலந்து 100 கிராமில் தொடங்கி 250 வரை கொண்டுபோங்கள். ஆட்டுக்குத் தானியம் நியாயமாகத் தேவைப்படும் காலம் இது.

சித்திரையில் தழையே இல்லை

இதற்குச் சித்திரையில் தீர்வு கிடையாது, தை மாதத்தில்தான் உண்டு. கடலை பிடுங்கும்போது கொடியை மழையில் நனையாமல் போர் போட்டுவையுங்கள். உளுந்து, துவரைப் பொட்டை எருக்குழியில் கொட்டாதீர்கள், கட்டிவையுங்கள். கோடையில் உதிரும் கருவேல நெற்றையும் வெள்வேல நெற்றையும் காலையில் பொறுக்கிச் சாக்கில் சேருங்கள். ஆட்டுக்கு நாளுக்கு 200 கிராம் போதும். சீமைக்கருவேல நெற்றை இடித்துப் போடுங்கள். முழுசாகப் போட்டால் விதை செரிக்காமல் புழுக்கையோடு விழுந்து அடுத்த வருடம் உங்கள் காடெல்லாம் முள்ளாகும். வேலியோரத்தில் கிளுவைக்கு நடுவே ஆடிப்பட்டத்தில் கிளைரிசிடியாப் போத்தும் அகத்தி விதையும் ஊன்றுங்கள். முதல் வருடம் ஆடு எட்டாதபடி முள் அடைத்து வையுங்கள்.